சத்தம் உப்ப உண்டாக்காதுங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க. போன ஞாயித்துக்கிழமை அல்ட்ராசவுண்ட், அதாவது காதுக்கு கேக்காத சத்தம், வச்சு கரைசல்ல படிகம் எடுக்கறத பத்தி போட்டிருந்தீங்க, நல்ல விசயம் தான், ஆனா படிச்சவங்க சத்தம் விட்டா தண்ணில உப்பு வந்துரும்னு நெனச்சுட்டாங்க, எங்க ஆளுங்களே ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. அப்படி இல்லீங்க. கரைசல்ல தாங்கற அளவுக்கு மேல உப்பு ஏற்கெனவே இருக்கோணும், அது எப்ப எறங்கோணும் என்ன சைஸ்ல எறங்கோணும்ங்கறதுல தான் சத்தத்துக்கு வேலை.

நான் திருப்பூர்ல சாயத்தண்ணி சுத்திகரிப்புல இருக்கறேன். 2011ல ஐகோர்ட் சாயப்பட்டறைய மூடச் சொன்னப்புறம் சொட்டுத் தண்ணி நொய்யல் ஆத்துக்குப் போகாம உப்ப திரும்ப எடுத்தே ஆகோணும். துணிக்குச் சாயம் ஏத்தறதுக்குப் போடற உப்பு கிளாபர் சால்ட், அதாவது சோடியம் சல்பேட்; அதுல படிகத்துக்குள்ள இருக்கற தண்ணிய விட்டுட்டு கணக்குப் போட்டா, 32 டிகிரில 100 கிராம் தண்ணில 50 கிராம் கிட்ட கரையும், 10 டிகிரிக்கு எறக்கினா 9 கிராம் தான், மிச்சமெல்லாம் கீழ உழுகோணும். ஒடனே உழுகாது! தண்ணிய குளிர வெக்கற சில்லர் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், டேங்க் தெளிஞ்ச தண்ணியாட்டம் நிக்கும், திடீர்னு மொத்தமும் கம்பங்கூழாட்டம் ஆயி பம்பு அடைச்சுக்கும். நைட் ஷிப்ட்ல ஒரு அண்ணன் இருக்காரு, ஸ்பானர்ல டேங்க் ஓரத்துல நாலு தட்டு தட்டுவாரு, இல்லீனா பழைய உப்பு ஒரு கை அள்ளிப் போடுவாரு, எறங்க ஆரம்பிச்சுரும்.

அல்ட்ராசவுண்டும் அந்த ஸ்பானர் வேலை தானுங்க, நொடிக்கு 20,000 தட்டுக்கு மேல, காதுக்கு கேக்காது. தண்ணிக்குள்ள பொடிசா குமிழி வந்து ஒடையுது, அந்த அதிர்ச்சில படிகம் பொறக்குது. ஆரம்பத்துல சித்த நேரம் விட்டு நிறுத்திட்டா கொஞ்சமா பொறந்து பெருசா வளரும், விடாம ஓட்டினா எல்லாம் பொடியாயிரும், கவுந்தப்பாடி பக்கம் பாக எறக்கி விடாம தேச்சு நாட்டுச்சக்கரையா பொடிக்கறாங்களே அந்தக் கதை. பொடியா வந்தா, வேகமா சுத்தி தண்ணிய பிரிக்கற சென்ட்ரிபியூஜ்ல தண்ணி வடியாது, எங்களுக்குப் பெருசு தான் வேணும்.

போன வருசம் ஒரு கம்பெனிக்காரங்க பைப்புல ஒரு அல்ட்ராசவுண்ட் பொட்டிய மாட்டிட்டு இனி எல்லாம் சரியாயிரும்னு போனாங்க, எத்தன வாட்ஸ், என்ன பிரீக்வென்சின்னு கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. பெரிய டேங்க்ல சத்தம் கொஞ்ச தூரத்துலயே மங்கிப்போகும், குமிழி ஒடைஞ்சு ஒடைஞ்சு சத்தம் விடற டைட்டானியம் முனையவே அரிச்சுரும், இதெல்லாம் உங்க செய்தில ஒரு வரி கூட இல்லீங்க.

கோயமுத்தூர்ல இத்தன இன்ஜினியரிங் காலேஜ் இருக்குது, லேப்ல சுத்தமான உப்புல பண்ணிப் பாக்கறத விட்டுட்டு எங்க சாயத்தண்ணில பண்ணட்டும். 20 லிட்டர் கேன்ல நாங்களே புடிச்சுக் குடுத்து உடறோம், அந்த ரிசல்ட்ட போடுங்க.

வாசகர், திருப்பூர்