ரிலீஸ் முதலில், சைட் பிறகு

அல்சூர், பெங்களூர்
ஆகஸ்ட் 16

அன்புள்ள சண்முகம்,

உன் மூன்று மெசேஜுக்கும் பதில் போடாததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மழை, சில்க் போர்டு டிராஃபிக், தண்ணீர் லாரி எல்லாம் நீ விட்டுப்போன இடத்திலேயே நிற்கின்றன. சேது மறுபடியும் வேலையை விட்டுவிட்டான். செய்தி அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கரப்பான்பூச்சிக்குக் கட்டில் மேல் ஏறி நிற்கிற ஆள், மிச்சிகனில் மான் வேட்டைக்கு வில் வாங்கியிருக்கிறாய்! இங்கே இதே ஆசை வந்திருந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உன்னை நேரே பரப்பன அக்ரஹாரா ஜெயிலில் கொண்டுபோய் விட்டிருக்கும். அங்கே அதற்கு லைசென்ஸும் சீசனும் உண்டு, சரி. வில்லுக்கான சீசன் அக்டோபர் 1-ல் திறக்கிறது என்றால் உன் கையில் ஆறரை வாரம்தான் இருக்கிறது. 1960 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு வழக்கமான லைசென்ஸ் எடுக்க ஹண்டர் சேஃப்டி சர்டிஃபிகேட் வேண்டும். முதலில் அதை முடி. நீ அதற்கு முன்னால் பிறந்தவன் மாதிரி நடந்துகொள்வதெல்லாம் கணக்கில் வராது.

நீ அனுப்பிய ஆன்லைன் ஷாப்பிங் கார்ட் படத்தைப் பார்த்தேன். வில்லில் குறிபார்க்க மாட்டும் சைட்டுக்கு 380 டாலர், நாணைப் பிடித்து இழுத்து விடுகிற ரிலீஸுக்கு 35. மண்டபத்துக்கு எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டுச் சமையலுக்கு ஆள் தேடுகிற கல்யாணம் இது. இரண்டையும் கார்ட்டிலிருந்து எடுத்துவிடு. வரிசையே தப்பு. ரிலீஸின் நீளம் மாறினால், நாணை முழுதாக இழுத்தபின் கை தாடையில் வந்து உட்காருகிற இடம் மாறும். கை மாறினால் தலை மாறும், நாணில் பீப், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்னத் துளை, இருக்கவேண்டிய உயரம் மாறும். பீப்பை நகர்த்தினால் சைட்டில் தூரத்துக்கு ஒன்றாக நீ பாடுபட்டு வைத்த குறிப்புள்ளிகள், அதாவது பின்கள், எல்லாமே பொய்யாகிவிடும். அதனால் முதலில் ரிலீஸ், அதைக் கையில் மாட்டிக்கொண்டு கடையில் இழுநீளம் (நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறாய் என்பது), பிறகு டி-லூப் (ரிலீஸை மாட்ட நாணில் கட்டும் சிறு வளையம்), பிறகு பீப், கடைசியில்தான் சைட். சைட்டை முதலில் வாங்கி வைப்பவர்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்வார்கள்.

ரிலீஸில் நான்கு ஜாதி. மணிக்கட்டுப் பட்டையோடு சுட்டுவிரலால் இழுப்பது ஒன்று. கையில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துவது இரண்டாவது. ட்ரிகரே இல்லாமல் கையின் சுழற்சியில் விடுபடும் ஹிஞ்ச் மூன்றாவது. குறிப்பிட்ட அளவு இழுவிசை வந்ததும் தானாக விடுவது நான்காவது. பின்னிரண்டும் அருமையான வாத்தியார்கள், ஆனால் குளிரில் விறைத்த கையோடு பரண் மேல் உட்கார்ந்திருக்கும் புது ஆளுக்கு அல்ல. கட்டைவிரல் ரிலீஸ் உனக்கு ஒரு வருஷம் கழித்துப் பொருந்தும். இப்போதைக்கு மணிக்கட்டுப் பட்டைதான். பாரம் மணிக்கட்டில் இறங்கும், விரல்கள் சும்மா இருக்கும், 15 அடி உயரத்திலிருந்து கைதவறிக் கீழே விழாது. கையில் பிடிக்கிற ரிலீஸ் இலைக்குள் விழுந்தால் அன்றைய வேட்டை முடிந்தது.

ஆனால் பட்டைக்குப் பட்டை வித்தியாசம் உண்டு. வெல்க்ரோ வேண்டாம், நிசப்தமான காட்டில் அதைப் பிரிக்கிற சத்தம் மானுக்கு நீ அனுப்பும் தந்தி. தவிர, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இறுக்கம், ஒவ்வொரு நாளும் ஒரு நீளம். கைக்கடிகாரப் பட்டை மாதிரி துளையும் பக்கிளும் உள்ளதை எடு. எப்போதும் ஒரே துளையில் போடு. தலைப்பகுதி மடங்கிப் பின்னால் போகிற மாதிரி இருந்தால் ஏணி ஏறும்போது இடிக்காது. லூப்பைப் பிடிக்கிற வாய் கொக்கியா இடுக்கியா என்று கேட்டிருந்தாய். கொக்கி. குனிந்து பார்க்காமலே டி-லூப்பில் மாட்டலாம். திறந்த கொக்கியில் ஒன்று மட்டும் கவனம்: இழுப்பு முழுசாகத் தளர்ந்தால் லூப் கழன்றுகொள்ளும், கையில் லேசான விசை இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

நீளத்தைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். முழுதாக இழுத்த நிலையில் ட்ரிகர், சுட்டுவிரலின் முதல் மடிப்பைத் தாண்டி இரண்டாம் மடிப்புப் பக்கமாக உட்கார வேண்டும், விரல் கொக்கி மாதிரி அதைச் சுற்றி வளைய வேண்டும். விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் ரிலீஸ் நீளம் அதிகம்; நுனி விரல் அழுத்தாது, தட்டும். கடையில் சும்மா நின்று அளக்காதே. பட்டையைக் கட்டி, லூப்பில் மாட்டி, இழுத்துப் பார்த்துத்தான் அளவு. நவம்பருக்குப் போடப்போகிற கையுறையையும் எடுத்துக்கொண்டு போ. தடிமனான கையுறையில் ட்ரிகர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இழுக்கும்போது சுட்டுவிரல் ட்ரிகருக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் இருந்தால் பாதி வழியில் அம்பு போய்விடும், உன் கை உன் வாயிலேயே குத்தும். மல்லேஸ்வரம் பல் டாக்டரை நினைத்துக்கொள். இன்னொன்று: அம்பில்லாமல் நாணை இழுத்து ரிலீஸைச் சோதிக்காதே. தப்பி விட்டுவிட்டால் அம்புக்குப் போகவேண்டிய சக்தி முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பும். வில்லின் வளைகிற கை (லிம்ப்) வெடிக்கும், நாண் தெறிக்கும். சோதிப்பதற்கு ஒரு தடித்த நைலான் கயிற்றை உன் இழுநீளத்துக்கு வளையமாக முடிந்துகொள். இடது கையால் தள்ளி, வலது கையில் ரிலீஸால் இழுத்து விடு. டிவி பார்த்துக்கொண்டே நூறு தடவை செய்யலாம்.

இவ்வளவு நேரம் சொன்னது கடை விஷயம். எனக்கு உண்மையில் பயம் இதில்தான்.

நீ கார்ட்டில் வைத்திருந்த ரிலீஸின் விளம்பரமே, தொட்டால் விடுபடும் ட்ரிகர் என்பது. புது ஆளுக்கு இதைவிட மோசமான சிபாரிசு கிடையாது. குறி வைத்தால் சைட்டின் பின் அசையாமல் நிற்காது. யாருக்குமே நிற்காது, சிறு வட்டமாக மிதந்துகொண்டே இருக்கும். அது நடுவைக் கடக்கிற நொடியில் 'இப்போ!' என்று மூளை கத்தும், விரல் வெடுக்கென்று இழுக்கும், கூடவே தோளும் குலுங்கும். முதல் வாரம் தெரியாது. மூன்றாவது வாரம் அம்பு போகும் முன்பே கண் மூடும். அதற்கப்புறம் பின்னை நடுவுக்குக் கொண்டுவரவே முடியாது. நாலு விரல் கீழே வந்து உறைந்து நிற்கும், நீ எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. டார்கெட் பேனிக் என்பது இதுதான். தேர்ந்த ஆட்களையே வருஷக்கணக்கில் முடக்கிப்போடும். சுட்டுவிரல் சொன்னதை உடனே செய்கிற விரல் என்பதால் இந்த வகை ரிலீஸில் சீக்கிரம் தொற்றும்.

அதனால் ட்ரிகரின் கனத்தை மாற்றும் திருகு உள்ளதாக வாங்கு. விரலைச் சாய்த்து வைத்தாலும் விடாத அளவுக்குக் கனம் வை. விரலை வளைத்துப் பிடித்துவிட்டு, வலது முழங்கையைப் பின்னால் நகர்த்து, முதுகு இழுக்கட்டும். எப்போது விடும் என்று உனக்கே தெரியக்கூடாது. முதல் இரண்டு வாரம் சைட்டே வேண்டாம். மூன்று நான்கு அடி தூரத்தில், குறி எதுவும் வரையாத அடர்ந்த ஃபோம் பிளாக், தோள் உயரத்தில். இழு, கண்ணை மூடு, முதுகால் விடு. ஒரு நாளைக்கு முப்பது அம்பு போதும். களைத்த தோள் கெட்ட பழக்கத்தை மட்டும்தான் கற்றுக்கொள்ளும். போரடிக்கும். அடிக்கட்டும்.

ஷீத்தல் தேவியைப் பார்த்திருப்பாய். கைகளே இல்லாமல் காலால் வில்லைப் பிடித்து, தோளில் கட்டிய ரிலீஸால் விட்டு, 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாரோடு வெண்கலம் எடுத்த பெண். அவளுடைய வீடியோவை ஒரு தடவை சத்தமில்லாமல் ஓடவிட்டு, அம்பு போகிற கணத்தில் உடம்பு எவ்வளவு அசைகிறது என்று மட்டும் பார். அப்புறம் உன் வீடியோவைப் பார்.

சைட்டுக்கு வருவோம். உன் ஆபீஸ் நண்பர் சொன்ன ஐந்து பின் வேண்டாம். பதற்றத்தில் எந்தப் பின் எந்தத் தூரம் என்று குழம்பும். கணக்கைப் பார்: உன் அம்பு நொடிக்கு 250 அடி போகிறது என்று வை, 20 கெஜத்தில் நிற்கிற மான் மேல் 40 கெஜப் பின்னை வைத்தால் அம்பு ஏறத்தாழ எட்டு ஒன்பது அங்குலம் மேலே போகும். நுரையீரல் இருக்கிற இடமே எட்டிலிருந்து பத்து அங்குல வட்டம்தான். கீழ்ப்பக்கம் போனாலும் அதே கதை: 30 கெஜத்து மானுக்கு 20 கெஜப் பின் வைத்தால் ஆறு அங்குலம் இறங்கிவிடும்.

சக்கரத்தைத் திருகித் தூரம் மாற்றுகிற ஒற்றைப் பின் ஸ்லைடர் உண்மையில் நல்ல சாமான். 25 கெஜத்துக்கு வைத்துவிட்டால் 20-ல் சுமார் இரண்டு அங்குலம் மேலே, 30-ல் மூன்று அங்குலம் கீழே. நடுவில் குறிவைத்தால் இரண்டும் நுரையீரல்தான். ஆனால் அதற்குச் சக்கரத்தைத் தொடாத ஆள் வேண்டும். ரூம் நம்பர் 14-ல் அந்த ரேடியோவை நீ என்ன பாடு படுத்தினாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு நிலையான மூன்று பின்: 20, 30, 40. மூன்றாவது பயிற்சிக்கு மட்டும். நூறு டாலர் சுற்றிலேயே உலோகத்தில் செய்த நல்லது கிடைக்கும். பின்களைச் சுற்றி பிளாஸ்டிக் வளையம் உள்ளதைத் தொடாதே.

பின் தடிமன் .019 அங்குலம். 20 கெஜத்தில் அது இலக்கில் அரை அங்குலத்தை மறைக்கும், 40-ல் ஒரு அங்குலம். .010 நுணுக்கமாகத் தெரியும், ஆனால் சாயங்காலம் காணாமல் போகும். .029 பளிச்சென்று இருக்கும், தூரத்தில் பாதி இலக்கைத் தின்றுவிடும். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னும் அஸ்தமனத்துக்கு அரைமணி பின்னும் அங்கே அனுமதி; மான் நடமாடுவதும் அப்போதுதான். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு முதலில் செத்துப்போகும், பச்சை கடைசிவரை நிற்கும். அதனால் மேல் பின், 20 கெஜத்துக்கானது, பச்சையாக இருக்கட்டும். சிவப்பும் பச்சையும் குழம்புகிற உன் சிக்னல் கதை தெரிந்ததால் சொல்கிறேன்: சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் நடுவில் மஞ்சளை வை. பின் பூப்பூவாகச் சிதறித் தெரிந்தால் அது பெரும்பாலும் உன் கண்ணின் சிலிண்டர் பவர், சைட்டின் குற்றம் அல்ல. சைட் விளக்கு மாட்டுவதென்றால் மாநில விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மாட்டு.

பீப் துளை கால் அங்குலம், அல்லது 3/16. அதைவிடச் சின்னது அந்தி வேளையில் இருட்டுக் குகை. பீப் வட்டத்துக்குள் சைட்டின் வட்டம் சுற்றிலும் மெல்லிய வெளிச்சக் கோட்டோடு உட்கார வேண்டும். இடைவெளி அதிகமானால் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நடுவைத் தேடுவாய். கண்ணை மூடி இழுத்து, கை உட்கார்ந்ததும் திற. தலையைத் தூக்கியோ குனிந்தோ தேடவேண்டி வந்தால் பீப் உயரம் தப்பு.

பின்களை வைப்பது எளிது. பின், அம்பைத் துரத்தும்: அம்பு கீழே விழுந்தால் பின்னைக் கீழே இறக்கு, இடதுபக்கம் போனால் இடதுபக்கம் நகர்த்து. ஐந்து கெஜத்தில் தொடங்கு, அம்பு ஃபோமில் படுகிறது என்று நிச்சயமானபின் 20-க்குப் போ. மூன்று அம்பு விட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத்தான் திருகைத் தொடவேண்டும். ஒரு அம்பைப் பார்த்துத் திருகினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பாய். மேல் பின்னுக்கு வளையத்தையே மொத்தமாக நகர்த்து, மற்ற இரண்டுக்கும் அந்தந்தப் பின்னை மட்டும் மேலே கீழே. ஒவ்வொரு அம்புக்கும் சைட்டில் உள்ள ரசமட்டக் குமிழி நடுவில் இருக்க வேண்டும். 20-ல் சரியாக இருந்து தூரம் போகப்போக ஒரே பக்கம் விலகினால் அது பெரும்பாலும் சைட் வேலை அல்ல. அம்பு உட்காருகிற ரெஸ்டைக் கடையில் பார்க்கச் சொல். முடிந்ததும் எல்லாத் திருகையும் இறுக்கி, மேலே நெயில் பாலிஷால் குறுக்காக ஒரு கோடு. அதிர்வில் திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். வேட்டை முனையை மாட்டி மறுபடி 20-ல் விட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போகாதே. எடை ஒன்றாக இருந்தாலும் பிளேடு காற்றைப் பிடிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு, டா, ஒன்று கேட்கிறேன். பேப்பர் தட்டு ஒன்றை எட்டு அங்குலத்துக்கு வெட்டி 20 கெஜத்தில் குத்து. காலையில் எழுந்ததும், உடம்பு சூடேறுவதற்கு முன், அந்த நாளின் முதல் அம்பு. பத்து நாளில் பத்தும் தட்டுக்குள் இருந்தால் போ. எட்டுதான் என்றால் இந்த வருஷம் பரணில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார். நுரையீரலில் பட்ட மான் நொடிகளில் விழும். வயிற்றில் பட்டது ராத்திரி முழுக்க உயிரோடு கிடக்கும். அதைத் தேடி டார்ச் பிடித்துக்கொண்டு நீ நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ரிலீஸ் வாங்கியதும் முழுதாக இழுத்த நிலையில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் அனுப்பு. நாணில் அம்பு இருக்கட்டும், எதிரே ஃபோம் இருக்கட்டும், விரல் ட்ரிகருக்குப் பின்னால் இருக்கட்டும். முழங்கையும் நாணும் எங்கே நிற்கின்றன என்று பார்த்துவிட்டு நீளத்தைச் சொல்கிறேன். சேதுவிடம் வில் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி அந்த வாத்துக் கதையை ஆரம்பித்துவிடுவான்.

உன்
பாலு

பி.கு.: நெயில் பாலிஷை ரேவதியிடம் கேட்டு வாங்கு. கேட்காமல் எடுக்காதே.