இன்ச் டேப் வைத்து அளந்து பார்

கண்ணா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரத்தக் கொழுப்புப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். 'எல்டிஎல் 112தான்ப்பா, எல்லாம் நார்மல்' என்று எழுதியிருக்கிறாய். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை மட்டும் பார்க்காதே, மற்ற வரிகளையும் படி. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைட் 210, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 34, மொத்தக் கொலஸ்ட்ரால் 188. மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தால் 154 வருகிறது. அது 130க்குள் இருக்க வேண்டும்.

காரணம் வயிறு. 170 செ.மீ. உயரத்துக்கு 70 கிலோ என்றால் பார்க்க ஒல்லிதான். ஆனால் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வருவது நம் ஊர் உடம்புவாகு. கிள்ளினால் கையில் வருவது தோலுக்கடிக் கொழுப்பு. அது அவ்வளவு கெடுதல் இல்லை. குடலைச் சுற்றிப் படிந்தது கைக்குச் சிக்காது. அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் விடுகிறது. அது ஏறினால் எச்டிஎல் இறங்கும், எல்டிஎல் துகள்கள் பொடிப்பொடியாகும். 112 என்பது துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் அளவு, எத்தனை துகள் என்ற கணக்கு இல்லை. பொடியாக இருந்தால் அதே 112க்குத் துகள்கள் அதிகம். அவை தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கும். வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி, உப்பி, அங்கேயே கிடக்கும். அடைப்பு அப்படித்தான் தொடங்குகிறது. இதே வயிற்றுக் கொழுப்பு அழற்சியையும் தூண்டிவிடுகிறது. அதனால் அடைப்பின் மேல்மூடி மெலிந்து கிழிந்தால், அங்கே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரும். முப்பது வயதில் நெஞ்சில் எதுவும் தெரியாது, அதுதான் எனக்குக் கவலை.

பேண்ட் சைஸை நம்பாதே, அது தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கும். காலையில் வெறும் வயிற்றோடு, சட்டை இல்லாமல் நில். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்று. வயிற்றை எக்காதே, சாதாரணமாக மூச்சை விட்டதும் அள. நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 எல்லை. உன் உயரத்தில் பாதி, 85க்குள் வந்தால் இன்னும் நல்லது.

சிட்-அப்ஸ் எடுத்தால் வயிற்றுத் தசைதான் இறுகும், உள்கொழுப்பு தனியாகக் கரையாது. மொத்த எடையில் மூன்று நான்கு கிலோ குறைந்தாலே அது நன்றாகக் குறையும். பட்டினி கிடக்காதே, தசைதான் போகும். ஆபீஸில் நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் நாளுக்கு 40 கிராம் சர்க்கரை; முதலில் அதை நிறுத்து. மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி, பொரியலையும் சுண்டலையும் இரட்டிப்பாக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு ஆர்டர் பண்ணும் பரோட்டா வேண்டாம், பீரும் வேண்டாம். மதுவும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். துரைப்பாக்கத்தில் நடக்க இடமில்லை என்றால் திருவான்மியூர் கடற்கரைக்குப் போ. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகத்தில் 30 நிமிஷம், வாரம் ஐந்து நாள். இரண்டு நாள் தண்டால், பஸ்கி.

மூன்று மாதம் கழித்து 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து திரும்பவும் ரத்தம் கொடு. பிபி, சுகர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து டாக்டரிடம் காட்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பில் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுது.

அப்பா