சிர்கா எங்கே போடலாம்?

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் பட்டியலும் வந்து சேர்ந்தன. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

வாசகசாலைப் பட்டியலில் ஆண்டு அச்சாகாத நூல் எல்லாவற்றுக்கும் 'சிர்கா' (circa, அதாவது 'ஏறத்தாழ') போட்டிருக்கிறாய். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆண்டைக் காட்ட ஆதாரம் இருந்து, அது முன்னே பின்னே சில வருஷம் நகரலாம் என்றால்தான் சிர்கா. இரு பக்கமும் எல்லை தெரிந்தால் எல்லையையே எழுது.

14-ஆம் எண் நூலை எடு. அட்டையில் '75 ந.பை.' என்று அச்சாகியிருக்கிறது. நயா பைசா 1957 ஏப்ரல் 1-இல் வந்தது. 1964 ஜூன் 1-இல் 'நயா' போய்விட்டது. ஆக, '[1957-க்கும் 1964-க்கும் இடையில்?]'. சதுர அடைப்பு, ஆண்டு நூலில் இல்லை, நாம் தந்தது என்பதற்கு. கேள்விக்குறி, மீந்த பழைய அட்டையைப் பிறகும் ஒட்டியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு. 'சிர்கா 1960' என்றால் 1955-உம் உள்ளே வரும், 1966-உம் வரும். கையிலிருந்த தகவலை நாமே கலைத்த மாதிரி. விலை ரப்பர் முத்திரையாக இருந்தால் நம்பாதே, அது விற்ற காலம்.

முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. 'தமிழ்நாடு அரசு' என்றிருந்தால் 1969-க்கு முன் போகாது. பழைய 'லை', 'ணை' எழுத்துகளை வைத்து மட்டும் 1978-க்கு முந்தியது என்று முடிவு கட்டாதே. அந்த ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததும் எல்லா அச்சகமும் ஈய எழுத்தை மாற்றிவிடவில்லை.

உண்மையான சிக்கல் 31-ஆம் எண். 'விகாரி வருஷம்' என்று மட்டும் இருப்பதற்கு 'சிர்கா 1870' போட்டிருக்கிறாய். அறுபதாண்டுச் சுற்றில் விகாரி 1839-40, 1899-1900, 1959-60-இல் வரும். 1870-இல் எந்தக் காலத்திலும் வராது! முதல் இரண்டுக்கும் நடுவே சராசரி எடுத்தால் நிச்சயமாகத் தவறான ஆண்டுதான் கிடைக்கும். இங்கே வேண்டியது 'அல்லது'. நூலில் விக்டோரியா பெயர் இருப்பதால் மூன்றாவது விகாரி கழிந்தது. மற்ற இரண்டுமே அவர் ஆட்சிக்காலம். 'மகாராணி' என்று மட்டும் இருந்தால் தீராது. 'சக்கரவர்த்தினி' என்றிருந்தால் தீர்ந்தது, அந்தப் பட்டம் 1876-இல்தான் வந்தது. மாதமும் இருந்தால் இன்னும் நல்லது: சித்திரை முதல் கார்த்திகை வரை 1899, தை முதல் பங்குனி வரை 1900. மார்கழி இரண்டிலும் கால் வைக்கும், தேதி பார்க்க வேண்டும்.

'சிர்கா 1820–1875' என்றால் தோராயம் முதல் ஆண்டுக்கு மட்டுமே. இரண்டும் தோராயமானால் இரண்டுக்கும் முன்னால் போடு.

எக்செல்லில் ஆண்டுக் கட்டத்துக்குள் 'சிர்கா' என்று அடித்தால் அது எண்ணாக இராமல் எழுத்தாகிவிடும், வரிசைப்படுத்தும்போது அந்த நூல்களெல்லாம் கடைசியில் போய்க் குவியும். மூன்று நெடுவரிசை வை: வாசகர் படிக்க ஒன்று, மிக முந்திய ஆண்டு, மிகப் பிந்திய ஆண்டு. பின்னிரண்டிலும் வெறும் எண். கணினிக் குறி வேண்டுமென்றால் தேதி எழுதும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-இன் 2019 இரண்டாம் பகுதியில் இருக்கிறது: தோராயத்துக்கு 1890~, சந்தேகத்துக்கு 1890?, இரண்டும் சேர்ந்தால் 1890%.

31-இன் முகப்புப் பக்கத்தையும் பாயிரத்தின் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு, மாதம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அன்புடன்,
ராமு