வேலூர் வெயிலும் வண்டி பேட்டரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் கடைசியில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதிலிருந்து, நமக்கு எப்போது வரும் என்று வேலூரிலும் பேச்சு கிளம்பியிருக்கிறது. கட்டாயம் வரவேண்டும். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி சிஎம்சி-க்குப் போகிற நோயாளிகள் கிரீன் சர்க்கிள் நெரிசலில் புகையைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மின்சார வண்டி என்றாலே எல்லோரும் கேட்பது ‘ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?’ என்பதுதான். சத்துவாச்சாரியில் பல வருஷமாக பேட்டரி கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம்ம ஊருக்கு அதைவிட முக்கியம், எந்த இடத்தில், எந்தச் சூட்டில் சார்ஜ் ஏற்றப்போகிறோம் என்பது.

லித்தியம் செல்லோடு வரும் தாளைப் பாருங்கள். ஓடும்போது 60 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும் பெரும்பாலும் 45 டிகிரிதான் எல்லை. கத்திரி வெயிலில் இங்கே நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. கொதிக்கிற தார் ரோட்டில் ஓடிவந்து நிற்கும் வண்டியில், சீட்டுக்கடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டி 45-ஐ எட்டுவது பெரிய விஷயமே இல்லை. நல்ல பேட்டரியாக இருந்தால் அதிலுள்ள பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட், சூடு தணியும் வரை சார்ஜை ஏற்றாமல் நிறுத்திவிடும். அதுதான் அதன் வேலை.

அப்படி நிறுத்துவதே கோளாறு என்று நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. போன கோடையில் ஒரு ஆட்டோக்காரர், “அண்ணே, மத்தியானத்தில சார்ஜே ஏறமாட்டேங்குது. ஒருத்தர்கிட்ட குடுத்து சரி பண்ணேன், இப்ப பேக்அப் நிக்கல” என்று பேட்டரியைக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. செல்களுக்கு நடுவே இருக்கவேண்டிய வெப்ப சென்சாரை வெட்டியெடுத்துவிட்டு, அந்த ஒயரில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து டேப் சுற்றியிருந்தார்கள். சூட்டுக்குத் தக்கபடி மின்தடை மாறுகிற அந்த சென்சார், 25 டிகிரியில் காட்டும் மதிப்பு அதுதான். உள்ளே 55 டிகிரி இருந்தாலும், பிஎம்எஸ் 25 என்று நம்பி கரண்டை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். நான்கைந்து செல்கள் உப்பிப்போயிருந்தன. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? மத்தியானம் சார்ஜ் ஏறாவிட்டால் சாயங்கால சவாரி போச்சு. நிழலில் வண்டியை நிறுத்தி, ஆறவைத்து சார்ஜ் போட இந்த ஊரில் அவருக்கு இடமில்லை. வீட்டு வாசலில்தான் போடுகிறார்.

2022 மார்ச்சில் நம்ம வேலூரில் என்ன நடந்தது என்று யாரும் மறந்திருக்க முடியாது. இரவில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தகப்பனும் மகளும் உயிரை விட்டார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகு மத்திய அரசு, மின்சார ஸ்கூட்டர், ஆட்டோ போன்ற வண்டிகளின் பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 தரவிதியைக் கடுமையாக்கியது. செல்களுக்கு இடையே இடைவெளி, பியூஸ், கூடுதல் வெப்ப சென்சார்கள், உள்ளே சூடு ஏறினால் முன்கூட்டியே எச்சரிக்கும் அலாரம் எல்லாம் 2022 டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாகக் கட்டாயமாயின. நல்ல விதிகள். ஆனால் அவை கம்பெனியிலிருந்து வெளியே வரும் புது வண்டிக்கு. அதற்கு முன்பே விற்ற வண்டிகளையும், சந்துக்குள் ரெசிஸ்டர் வைத்துப் பற்றுகிற கையையும் அந்த விதி எப்படித் தடுக்கும்?

பேருந்துக்கும் இதே கணக்குதான்: எவ்வளவு தூரம் ஓடும் என்பதைவிட, எங்கே சார்ஜ் ஏற்றுகிறோம் என்பதே முக்கியம். நகரத்தில் ஓடும் பெரிய மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். நாள் முழுக்க ஓடட்டும் என்று 200 யூனிட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி வைத்தால், அதன் எடையே ஒன்றரை டன் வரும். அந்த எடைக்கு இன்னும் இருபது பேரைத் தூக்கக்கூடிய வண்டி, காலை முதல் ராத்திரி வரை பேட்டரியைச் சுமந்துகொண்டு அலையும். காட்பாடியிலிருந்து பாகாயம் வரை போகிற டவுன் பஸ்ஸுக்கு ஒரு நடை பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. இரண்டு முனையிலும் எப்படியும் கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்கிறது. அங்கே 120 கிலோவாட் சார்ஜர் ஒன்று இருந்தால், பத்து நிமிஷத்தில் 20 யூனிட் ஏறிவிடும். ஒரு நடைக்கு அது போதும். அப்படி அடிக்கடி வேகமாக ஏற்றுவதற்கு லித்தியம் டைட்டனேட் வகை பேட்டரி பொருத்தம். எடைக்கு எடை பார்த்தால் எல்எஃப்பி-யில் பாதி அளவுதான் மின்சாரம் பிடிக்கும், விலையும் அதிகம். ஆனால் பத்தாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். இது புது யோசனையும் இல்லை. ஷாங்காயில் 2006-லேயே, பேட்டரிக்குப் பதிலாக சட்டென்று சார்ஜ் ஏறும் சூப்பர் கெபாசிட்டர் வைத்து, நிறுத்தங்களில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸை ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

தமிழக அரசின் 2023 மின்வாகனக் கொள்கையில் முன்னோடி நகரங்களாக ஆறு ஊர்களைச் சொன்னார்கள்: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை. வேலூர் இல்லை. பக்கத்து ராணிப்பேட்டையில் 2021-லிருந்து மின்சார ஸ்கூட்டர் ஆலையே இருக்கும்போது, இது எனக்கு வருத்தம்தான். சரி, பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருக்கவேண்டாம். மாநகராட்சி முதலில் காட்பாடி ரயில் நிலையம், பழைய பஸ் ஸ்டாண்டு, பாகாயம் ஆகிய மூன்று இடங்களில் உயரமான கூரை போட்ட, நாலு பக்கமும் காற்றோடும் சார்ஜிங் கொட்டகை அமைக்கட்டும். தகரக் கொட்டகை வேண்டாம், அது அடுப்பு. கூரைமேல் சோலார் பலகை போட்டால், ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட் வரும். தீயணைப்புக் கருவியும், சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியனும் அங்கே இருக்கவேண்டும். வாடகை ஆட்டோ ஓட்டுபவர்களும் கொடுக்கக்கூடிய கட்டணமாக வைக்கவேண்டும்.

அதுவரை வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெயிலில் ஓட்டிவந்ததும் சார்ஜில் போடாதீர்கள். அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிடுங்கள். வாசற்படியை அடைத்து வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் விற்ற சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள். யாராவது ‘சென்சாரைக் கட் பண்ணிட்டா சரியாயிடும்’ என்று சொன்னால், பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பேட்டரி கடைக்காரர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.