எங்கிருந்து வந்தது அந்த நியூட்ரினோ?

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்தியதரைக் கடலில் பிடிபட்ட அதியாற்றல் நியூட்ரினோவை (எதனோடும் எளிதில் மோதாத நுண்துகள்) ஏதோ ஒரு கருந்துளைதான் அனுப்பியது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதற்கு இன்னும் ஆதாரம் இல்லை.

2023 பிப்ரவரி 13 அன்று, சிசிலிக்கு அருகே சுமார் 3,450 மீட்டர் ஆழத்தில் உள்ள கேஎம்3நெட் கருவி பார்த்தது நியூட்ரினோவை அல்ல. அது மோதியதில் பிறந்த மியூவான் (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) உமிழ்ந்த நீல ஒளியை. ஏறக்குறையக் கிடைமட்டமாகப் பாய்ந்த அந்த மியூவானின் ஆற்றல் சுமார் 120 பெட்டா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). செய்திகளில் வரும் 220 என்பது நியூட்ரினோவுக்கான மதிப்பீடு. வளிமண்டலத்தில் பிறந்த மியூவான் என்றால், அவ்வளவு பாறையையும் நீரையும் தாண்டாமல் வழியிலேயே அடங்கியிருக்கும்.

திசையில்தான் சிக்கல். ஒளியுணரிகள் பொதிந்த கண்ணாடிக் கோளங்களைக் கோத்த கம்பிகள் கடலடியில் நங்கூரமிட்டு நிற்கின்றன, நீரோட்டத்தில் அசைகின்றன. அவற்றின் இருப்பிடத்தையும் நோக்கையும் அளப்பதில் உள்ள பிசகால் எந்தப் பக்கமும் சுமார் 1.5 பாகை பிழை வருகிறது. ஆறு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கிய அகலமுள்ள வட்டம்! அதற்குள் பிளேசார்கள், அதாவது நம்மை நோக்கித் துகள்தாரை வீசும் பெருங்கருந்துளை கொண்ட விண்மீன் மண்டலங்கள், பல. எதைக் கைகாட்டுவது?

குறிப்பிட்ட மூலமே இல்லாமலும் இருக்கலாம். அதியாற்றல் புரோட்டான்கள் பெருவெடிப்பின் மிச்ச ஒளியில் மோதினால், பையான் என்ற குறுகிய ஆயுள் துகள் உண்டாகி, அது சிதைந்து இத்தகைய நியூட்ரினோ பிறக்கும். ஆனால் அப்படியென்றால், தென்துருவப் பனிக்கடியில் உள்ள ஐஸ்கியூப் நியூட்ரினோக் கருவி இத்தனை ஆண்டுகளில் இந்த ஆற்றலில் ஒன்றையாவது பிடித்திருக்க வேண்டுமே.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள், திருச்சி