பெயர் வேண்டாம் என்ற அக்காவுக்கு நன்றி

அலுவலகத்தில் நம் கிறிஸ்தவ விசுவாசத்தை எப்படிப் பகிர்வது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள் அக்கா, மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி, மேசையில் உள்ள பைபிள் வசன நாட்காட்டி நம்மைப் பார்த்து இருக்கட்டும். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வசனம் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முட்டையில்லாத கேக் தனி டப்பாவில், தனிக் கத்தியோடு, மேலே எழுதி ஒட்டி. உள்ளே சுவிசேஷக் கைப்பிரதி (துண்டுப்பிரசுரம்) வைத்தால் கேக்கே தூண்டிலாகிவிடும்.

கஷ்டத்தில் இருப்பவரிடம் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று ஒரே முறை, தனியாக. சரி என்றால் இரண்டே வாக்கியம். மறுவாரம் "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரிக்கத்தான் பலர் மறக்கிறோம்.

மேலதிகாரி தன் கீழ் வேலை செய்பவரிடம் தானாக இப்பேச்சை எடுக்கவே கூடாது, அவரால் மறுக்க முடியாது என்றீர்களே, மிகச் சரி. லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) ஏன் அசைவம் இல்லை என்று கேட்டால் ஒரு வரி போதும். பைபிளில் 1 பேதுரு 3:15-ம் கேட்பவருக்குத்தானே பதில் சொல்லச் சொல்கிறது, அதுவும் சாந்தத்தோடு.