வைஃபை வரவில்லையா? முதலில் சிப் எண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துபோன நிலையில், பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் கைகொடுக்குமா என்று அலசிய கட்டுரையைப் படித்தேன். ‘வைஃபை ஒழுங்காக வராது, ஆகவே மடிக்கணினிக்கு லினக்ஸ் சரிப்படாது’ என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை, கணினிப் பழுது பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட என்னால் ஏற்க முடியவில்லை.

ரௌட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் இணைப்பு கிடைக்கிறது, அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடுகிறது என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில் lspci -nnk என்று கொடுத்தால் வைஃபை சிப்பின் அடையாள எண்ணும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பெயரும் வந்துவிடும். அந்த எண் 10ec:b723 என்றிருந்தால் அது ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல் 8723பிஇ (RTL8723BE) சிப். அதில் ஆன்டெனா வயரைச் செருக இரண்டு முனைகள் உண்டு. ஒரே ஆன்டெனாவுடன் விற்பனைக்கு வந்த சில மாடல்களில், வயர் ஒரு முனையில் இருக்க, சிப்பின் நினைவகத்தில் மறுமுனையைக் குறித்துவிட்டார்கள். டிரைவர் அந்தக் குறிப்பை நம்பி, வயரே இல்லாத முனையில் சிக்னலைத் தேடுகிறது. டிரைவர்கள் எப்படி இயங்க வேண்டும் என்று குறித்துவைக்கும் மோட்ப்ரோப் (modprobe) அமைப்புக் கோப்பில் ஆன்டெனா எண்ணை 1 அல்லது 2 என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினால் போதும். மூடியைக் கழற்றி வயரை மாற்றிச் செருகுவது வேண்டாத வேலை. அப்படி வயரை மாற்றினால், அதே கணினியில் விண்டோஸும் இருக்கும்போது அதன் வைஃபை படுத்துவிடும்.

ஆன்டெனா எண்ணைக் குறிப்பிடும் இந்த வசதியை டிரைவரில் சேர்த்தவர் லாரி ஃபிங்கர் என்ற தன்னார்வலர். பல ஆண்டுகள் வைஃபை டிரைவர்களைக் கட்டிக்காத்த அவர் 2024-இல் காலமானார். அவரைப் போன்றவர்களின் உழைப்பு கண்முன் இருக்கும்போது, ‘லினக்ஸில் தீர்வே இல்லை’ என்று எழுதுவது நியாயமா?

இன்னொன்று. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை நிறுவும் மென்பொருளில், வைஃபை சிப்புகளுக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் இல்லாமல் பலர் திண்டாடியது உண்மை. ஆனால் 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் அது சேர்ந்தே வருகிறது. சில பிராட்காம் சிப்புகளுக்கு இன்றும் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அதுவரை கைப்பேசியை யூஎஸ்பி வயரில் இணைத்து இணையத்தைப் பெறலாம்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. விரல்ரேகைக் கருவிகளில் பலவற்றுக்கு டிரைவரே கிடையாது. மூடிவைத்த மடிக்கணினி பைக்குள்ளேயே பேட்டரியைத் தின்றுவிடும் கோளாறு, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தும் சில மாடல்களில் தீர்வதில்லை. அதனால்தான் வாடிக்கையாளர்களிடம், லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், உறக்கநிலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பிறகு நிறுவுங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஹார்டு டிஸ்கைத் தொடாமலே இவ்வளவையும் சோதித்துவிடலாம்.

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் (BOSS) லினக்ஸும் இருந்தது. லட்சக்கணக்கில் வாங்கும் அரசு, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்புகள்தான் வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் நிபந்தனை போட்டால் எந்த நிறுவனமும் மறுக்கத் துணியாது. தனியாக ஒன்று வாங்குபவர் கேட்டால் கடைக்காரர் காதில்கூடப் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு வைஃபை சிப்புகளுடன் மடிக்கணினிகள் வருகின்றன. பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

தங்கள் இதழில் மடிக்கணினிகளை மதிப்பிடும்போது ராம், திரை அளவு, விலையோடு வைஃபை சிப்பின் எண்ணையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
தஞ்சாவூர்